மன்னிப்பு யாருடைய கணக்கு?

1

தமிழ்க் கிறிஸ்தவ வட்டாரங்களில் கவுன்சிலிங் என்பதற்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. யார் முதலில் போட்டார்களோ, நல்ல சொல். கேட்கிற காதுக்குச் சூட்டை ஆற்றுவது, புண்ணை ஆற்றுவது என்கிற அர்த்தம்தான் முதலில் தட்டுப்படும். ஆனால் அந்தச் சொல்லின் பூர்வீகம் வேறு. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். பசியோடு வருகிற பாணனையோ பொருநனையோ எதிரே வருகிற இன்னொருவன் நிறுத்தி, நான் போய் வந்தேன், இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார் என்கிறான். வழி சொல்கிறவனுக்கு உள்ள தகுதி, அவனும் பசித்திருந்தவன், அந்த வழியில் நடந்தவன் என்பதே. பசித்து வந்தவனைப் பார்த்து, நீ புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போ, போய்ப் பொறுத்துக்கொள் என்று எந்த ஆற்றுப்படையும் சொன்னதில்லை.

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை, அடிபட்ட மனைவி, போதகரின் அறைக்குள் நடந்ததை வெளியே சொல்ல வாய் வராத இளம்பெண் ஆகியோர் சபையின் கதவைத் தட்டும்போது என்ன நடக்கிறது? அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று கடந்த கால் நூற்றாண்டில் வெளியான விசாரணை அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இவர்களுக்கு வழி மறிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். மறித்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களில் பலர் ஜெபித்தார்கள். சிலர் கூடவே அழுதும் இருப்பார்கள். இரக்கம் போதாமல் இது நடந்துவிடவில்லை. தனக்கு வரவேண்டியிராத ஒரு கடனைத் தள்ளுபடி செய்யத் தனக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு ஸ்தாபனம் நினைத்துக்கொண்டதால் நடந்தது. என் வாதம் இவ்வளவுதான். மீதி அதற்கான விவரம்.

கவிதையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறவனுக்குப் பாதிரிகளோடு என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டார். சொற்களை வைத்து உண்மையை மறைப்பது எங்கே நடந்தாலும் அது நம் விவகாரம்தான். ஒரு கவிதையில் பொய்யான படிமம் ஒன்று வந்துவிட்டால் நாலு பக்கத்துக்குக் கிழிக்கிறோம். ஒரு குழந்தையின் மீது நடந்த பலாத்காரத்துக்கு 'எல்லை தொடர்பான பிரச்னை' என்று பெயர் வைத்துக் கோப்பில் எழுதிவிட்டு ஒருவர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார் என்றால் அது மட்டும் விமர்சனத்துக்கு வெளியே உள்ள விஷயமா?

2

இந்த உதாரணத்தை நான் ஜோடிக்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிராண்ட் ஜூரி ஒன்று 6 கத்தோலிக்க மறைமாவட்டங்களின் உள்கோப்புகளை அலசி 2018 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. குற்றம் சாட்டப்பட்ட குருக்கள் 300க்கு மேல். கோப்புகளிலிருந்தே அடையாளம் காணப்பட்ட குழந்தைகள் 1000க்கு மேல். கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் உத்திகளை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் தொகுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பது பாஷை. பலாத்காரம் என்று எழுதாதே, தகாத தொடர்பு என்று எழுது. அடுத்தது, விசாரிக்கத் தெரிந்தவர்களை உள்ளே விடாதே, சக குருவை அனுப்பி விசாரி. பிறகு, திருச்சபையே நடத்தும் சிகிச்சை இல்லத்துக்கு அனுப்பி அங்கிருந்து ஒரு மதிப்பீடு வாங்கிக்கொள். ஆளை ஊரை விட்டு எடுக்கும்போது காரணம் சொல்லாதே. சுகவீனம், நரம்புத் தளர்ச்சி என்று எதையாவது சொல். எல்லாவற்றுக்கும் மேலாகப் போலீசுக்குச் சொல்லாதே.

இதைப் படித்தபோது அருவருப்புக்கு முன்னால் எனக்கு ஏற்பட்டது ஒருவிதப் பரிச்சய உணர்ச்சி. எனக்கு இந்த பாஷை தெரியும். நான் வங்கிக் குமாஸ்தா. ஒருவர் வாடிக்கையாளரின் பணத்தில் கை வைத்துவிட்டார் என்றால் முதல் கடிதத்தில் 'நடைமுறைக் குறைபாடு' என்றுதான் வரும். வினைச்சொல் காணாமல் போகும். செய்தவன் காணாமல் போவான். பணம் தானாக நடந்து வெளியே போய்விட்டதைப் போல ஒரு வாக்கியம் மிஞ்சும். ஆனால் வங்கிக்கும் தேவாலயத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வங்கி தன் ஊழியர்களை நம்புவதில்லை. நான் போடுகிற பதிவை நானே பாஸ் செய்ய முடியாது, இன்னொருவர் செய்ய வேண்டும். முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை வருஷத்தில் 10 வேலை நாட்கள் முன்னறிவிப்பில்லாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால்தான் மறைத்துவைத்தது வெளியே வரும் என்பதால். மனிதன் பாவி என்ற சித்தாந்தத்தை வைத்திருப்பது திருச்சபை. அந்த சித்தாந்தத்தின்படி ஆபீஸ் நடத்துவது வங்கி. வேடிக்கைதான்.

3

புராட்டஸ்டண்டுகள் இது கத்தோலிக்கர்களின் வியாதி, பிரம்மச்சரியத்தின் கோளாறு என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம்.

1970இல் ஜே ஆடம்ஸ் என்ற அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் போதகர் 'காம்பிடென்ட் டு கவுன்சில்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். உடம்பில் கோளாறு இல்லாதவிடத்து மனக்கோளாறு என்று சொல்லப்படுவதன் அடியில் பெரும்பாலும் இருப்பது பாவம். அதற்கு ஃபிராய்டும் வேண்டாம், மனநல மருத்துவரும் வேண்டாம். வேதமும் போதகரும் போதும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் பைபிளில் 'புத்தி சொல்லுதல்' என்று இருக்கிறது. இந்த மொழிபெயர்ப்பின் முழு அர்த்தமும் நமக்குத்தான் விளங்கும். புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணுக்குப் 'புத்தி சொல்லி அனுப்பிவைத்தோம்' என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! தப்பு செய்தவன் ஒருவன். புத்தி கேட்டுக்கொண்டது வேறொருத்தி.

அமெரிக்காவிலும் அதேதான் நடந்தது. கலிபோர்னியாவில் ஜான் மக்ஆர்தர் என்ற பிரபல பிரசங்கியார் பல பத்தாண்டுகள் மேய்ப்பராக இருந்த கிரேஸ் கம்யூனிட்டி சர்ச்சில், 2002இல் ஒரு பெண்ணைச் சபையார் முன்னிலையில் பெயர் சொல்லி ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தினார்கள். குற்றம், குழந்தைகளைக் கொடுமை செய்த கணவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அவள் மறுத்தது. அந்தக் கணவன் 2005இல் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாகி நீண்ட சிறைக்குப் போனான். பல வருஷங்கள் கழித்து அந்தச் சபையின் மூப்பர் ஒருவர், வழக்கறிஞர், பழைய காகிதங்களை எடுத்துப் படித்துவிட்டு, அவளிடம் நாம் தவறு செய்தோம், திருத்த வேண்டும் என்றார். திருத்தவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். செய்தி 2022, 2023இல் வெளியே வந்தது.

ஆடம்ஸின் வழி முழுக்க முழுக்க இருட்டு என்று சொன்னால் அது நியாயமாகாது. அந்த மரபிலிருந்தே வந்த டார்பி ஸ்டிரிக்லாண்ட் 2020இல், அடிக்கிற புருஷனையும் அடிபடுகிற மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஆலோசனை சொல்வது அவளுக்கு ஆபத்து என்று புத்தகம் எழுதினார். நல்லது. ஆனால் அவளைத் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும் என்ற சாதாரண விவேகம் அச்சேற ஐம்பது வருஷம் பிடித்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் உலகம் சும்மா இருக்கவில்லை. அதிர்ச்சிக்குப் பின்னான மனநிலைச் சிதைவு 1980இலேயே அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வமான பட்டியலில் ஏறிவிட்டது. ஜூடித் ஹெர்மன் 1992இல் மீட்சியின் படிகளை எழுதியபோது முதல் படியாக வைத்தது பாதுகாப்பு. ஆபத்து இருக்கிற இடத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு யாரையும் குணப்படுத்த முடியாது. பறிபோனது தன்மீது தனக்கிருந்த அதிகாரம். ஆகவே அதை அவள் கையில் திருப்பிக் கொடுக்காத எந்த உதவியும் உதவியாகாது என்றார். புத்தி சொல்கிறவர் செய்வது, மிச்சமிருக்கும் அதிகாரத்தையும் வாங்கிக்கொள்வது.

4

இந்த விவகாரத்தில் போதகர்கள் அதிகமாகத் திறக்கிற அதிகாரம் மத்தேயு பதினெட்டு. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் முதலில் அவனிடம் தனியாகப் போய்ப் பேசு என்பது அதில் வருகிறது. ஏழெழுபதுதரம் மன்னி என்பதும் அதில் வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்து, தன்னைக் கெடுத்தவனைத் தனியே போய்ச் சந்திக்கும்படியும், அவன் அழுதால் மன்னித்துவிடும்படியும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

இலக்கியம் படித்தவன் என்ற முறையில் ஒரு சின்ன வேண்டுகோள். அதிகாரத்தை முதல் வரியிலிருந்து படியுங்கள். அது ஒரு குழந்தையை நடுவில் நிறுத்துவதில் தொடங்குகிறது. உடனே வருவது, இந்தச் சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றிய பேச்சு. அவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கே நல்லது என்கிற அளவுக்குப் போகிறது கோபம். அதற்குப் பிறகு காணாமல் போன ஒற்றை ஆடு. அதன் பிறகுதான் சகோதரர்களுக்குள் வரும் மனஸ்தாபத்தைத் தீர்க்கிற வழிமுறை. குழந்தைக்குத் தீங்கு செய்தவன் சகோதரர் சச்சரவில் ஒரு கட்சிக்காரன் என்று அந்த அதிகாரத்தை ஒழுங்காகப் படித்த எவனும் சொல்ல முடியாது.

'இடறல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதற்கு மூலமான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் ஸ்காண்டல் வந்தது. சுவிசேஷத்தில் இடறல் என்பது சிறியவனுக்கு நேர்ந்த தீங்கு. ஆயர்களின் அலுவலகத்தில் அதே சொல், அந்தத் தீங்கு வெளியே தெரிந்துபோவது என்ற அர்த்தத்துக்கு வந்துவிட்டது. குழந்தை இடறி விழுந்தது இடறல் இல்லையாம். விழுந்ததைப் பத்திரிகை எழுதினால் இடறலாம். இருபது நூற்றாண்டில் ஒரு சொல் எப்படித் தலைகீழாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த மொழியியல் புத்தகத்திலும் கிடைக்காது.

இங்கிலாந்தில் ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர். கிறிஸ்தவ இளைஞர் முகாம்களின் பெரிய மனிதர். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் பையன்களைப் பாவத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று சொல்லித் தோட்டத்துக் கொட்டகையில் வைத்து ரத்தம் வரப் பிரம்பால் அடித்தார். 1982இலேயே ஒரு குருவானவர் விசாரித்து அறிக்கை எழுதினார். அது ஒரு சிலர் கைக்குள் நின்றுவிட்டது. 1984இல் ஸ்மித் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் முகாம் நடத்தினார். ஆப்பிரிக்கப் பையன்களை அடித்தார். 2018இல் எந்தத் தண்டனையும் பெறாமல் செத்துப்போனார். 2024 நவம்பரில் வெளியான மேக்கின் அறிக்கை இதையெல்லாம் தொகுத்த பிறகுதான் கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி பதவி விலகினார். அன்றைக்கே விஷயம் தெரிந்திருந்த ஒருவர் விசாரணையில் சொன்ன காரணம், இது வெளியே வந்தால் தேவனுடைய வேலைக்குப் பெரிய சேதம் என்று நினைத்தேன் என்பது. தேவனுடைய வேலை! அடிபட்ட பையனின் முதுகு அந்த வேலையில் சேர்த்தி இல்லை போலும்.

5

இடமாற்றம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாஸ்டனில் ஜான் கேகன் என்ற குரு ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றப்பட்டுக்கொண்டே இருந்ததை 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு சிகிச்சை, ஒரு சான்றிதழ். அதே வருஷ டிசம்பரில் கார்டினல் பெர்னார்ட் லா பதவி விலகினார். 2004இல் ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் அவருக்குத் தலைமைப் பொறுப்பு கொடுத்தார்கள். குருவுக்குக் கிடைத்த அதே வைத்தியம் கார்டினலுக்கும்.

சதர்ன் பாப்டிஸ்டுகளிடம் ஆயர்கள் கிடையாது. ஒவ்வொரு சபையும் சுதந்திரமானது, ஆகவே குற்றவாளிகளின் பொதுப் பட்டியல் ஒன்றை நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது என்று அவர்களுடைய நிர்வாகக் குழு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 2022 மே மாதம் விசாரணை அறிக்கை வந்தபோது, அதே அலுவலகத்தில் 703 பெயர்கள் கொண்ட பட்டியல் ரகசியமாகப் பராமரிக்கப்பட்டுவந்தது அம்பலமாயிற்று. பட்டியல் சாத்தியம்தான். பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைக் கொடுப்பதுதான் சாத்தியமில்லை.

இது மேற்கத்திய வியாதி என்று ஒதுங்கிக்கொள்ளவும் நமக்கு வழியில்லை. நம் உதகமண்டலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த குரு ஒருவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பணியாற்றிய காலத்துக் குற்றத்துக்காக இங்கிருந்து அங்கே அனுப்பப்பட்டு, 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். திரும்பி வந்த பிறகு 2016இல் மறைமாவட்டம் அவர் மீதிருந்த பணித்தடையை நீக்கியது. கேரளத்தில் 2018இல் ஒரு கன்னியாஸ்திரீ ஜலந்தர் ஆயர் மீது புகார் கொடுத்தார். அவருக்கு ஆதரவாகச் சக சகோதரிகள் கொச்சியில் வீதிக்கு வந்து உட்கார்ந்தார்கள். 2019 ஜனவரியில் அவர்களில் நால்வருக்கு வெவ்வேறு மடங்களுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. வழக்கில் கோட்டயம் நீதிமன்றம் 2022இல் ஆயரை விடுதலை செய்தது. தீர்ப்பைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. நான் பேசுவது அந்த இடமாற்ற உத்தரவைப் பற்றி. குற்றம் சாட்டப்பட்ட குருவுக்குப் பாஸ்டனில் அது அடைக்கலம். கூட நின்ற பெண்களுக்குக் கேரளத்தில் அதுவே தண்டனை. கருவி ஒன்றுதான்; பிடித்திருக்கிற கை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்குத் தெரிந்தவர்கள் ரசிக்கக்கூடிய இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் எல்லிஸ் என்பவர் சிறுவயதில் தனக்கு நடந்ததற்காக வழக்குப் போட்டார். 2007இல் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் தோற்றார். கத்தோலிக்கத் திருச்சபை என்பது வழக்குப் போடக்கூடிய சட்டபூர்வமான நபரே அல்ல. சொத்துக்களை வைத்திருக்கும் அறங்காவலர்களுக்கோ குருக்களின் செயலுக்குப் பொறுப்பு கிடையாது என்பது வாதம். கட்டிடங்களுக்குச் சொந்தக்காரர் உண்டு, காணிக்கைக்குச் சொந்தக்காரர் உண்டு, குற்றத்துக்கு மட்டும் சொந்தக்காரர் கிடையாது. இப்படி ஒரு கணக்கை எந்தக் கிளையிலும் திறக்க முடியாது. விசாரணைக் கமிஷன் 2017இல் முடிந்த பிறகு சட்டத்தைத் திருத்தித்தான் இந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது.

6

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் நல்லவர்கள் தடுமாறுகிறார்கள்.

கர்த்தருடைய ஜெபத்தின் தமிழ் வடிவத்தில், புராட்டஸ்டண்டுகள் சொல்கிறபடி, பாவத்துக்கு வரும் சொல் 'கடன்'. மன்னிக்கப்பட வேண்டியவன் கடனாளி. மூலத்திலும் அப்படியே. எனக்கு இந்தச் சொல்லின்மீது தொழில்முறைப் பாசம் உண்டு. கடன் என்று வந்துவிட்டால் மூன்று கேள்விகளைத் தவிர்க்க முடியாது. கொடுக்க வேண்டியவன் யார், வாங்க வேண்டியவன் யார், எவ்வளவு? தள்ளுபடி செய்யும் உரிமை வாங்க வேண்டியவனுக்கு மட்டும். ஒரு வங்கியின் மேனேஜர் இன்னொரு வங்கியின் கடனைத் தள்ளுபடி செய்தால் அதற்குப் பெயர் கருணை இல்லை.

போதகர் செய்வது அதைத்தான். கெடுத்தவன் வந்து முழங்காலில் நிற்கிறான், அழுகிறான். போதகர் தேவனுடைய பெயரால் உனக்கு மன்னிப்பு என்கிறார். தேவனுக்கும் அவனுக்கும் உள்ள வரவுசெலவு எப்படியோ போகட்டும், எனக்கு அதில் சாட்சி சொல்ல அருகதை இல்லை. ஆனால் அடுத்த நிமிஷம் அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, தேவனே மன்னித்துவிட்டார், நீ யார் மன்னிக்காமல் இருக்க என்கிறாரே, அங்கேதான் கணக்கு திருடப்படுகிறது. அவளுக்கு வரவேண்டியது அவளைக் கேட்காமல் எழுதித் தள்ளப்பட்டதோடு, அவள் பெயரிலேயே புதுக் கடன் ஒன்று ஏற்றப்படுகிறது. மன்னிக்காத பாவம். வந்தபோது அவள் கடன் கொடுத்தவள். போகும்போது கடன்காரி.

வங்கிகள் வாராக்கடனை ஏட்டிலிருந்து நீக்குவதுண்டு. அப்படி நீக்கிய பிறகும் வாங்கினவனின் பொறுப்பு போய்விடுவதில்லை. வசூல் நடவடிக்கை தொடரும். மன்னிப்பு என்ற சொல்லுக்கு இந்த அளவு நேர்மையாவது வேண்டாமா? பாதிக்கப்பட்டவள் ஒருநாள் தன் நிம்மதிக்காகத் தன் ஏட்டிலிருந்து அவனை நீக்கிவிடலாம். நீக்காமலும் இருக்கலாம். அது அவள் இஷ்டம். அதனால் அவனுடைய சிறைத் தண்டனை ஒரு நாள் குறையக் கூடாது. ஸ்தாபனம் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டில் ஒரு பைசா குறையக் கூடாது.

வேதத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. சகேயு மரத்திலிருந்து இறங்கி வந்தவுடன் அழுது உருளவில்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, எவனிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்கு என்கிறான். ஆள் வரி வசூலிக்கிறவன், கணக்கு தெரிந்தவன். மனந்திரும்புதலுக்கு அவனிடம் ஒரு தொகை இருக்கிறது. அதே மத்தேயு பதினெட்டின் முடிவில் வரும் கடன் கதையில், எஜமான் பதினாயிரம் தாலந்தை மன்னிக்கிறான். அது அவனுக்கு வரவேண்டிய பணம். மன்னிப்புப் பெற்றவன் வெளியே போய் நூறு வெள்ளிக்காசுக்காக இன்னொருவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அதைப் பார்த்த சக வேலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜெபக்கூட்டம் போடவில்லை. தொண்டையைப் பிடித்தவனுக்குக் கவுன்சிலிங் ஏற்பாடு செய்யவில்லை. மேலே போய் நடந்ததையெல்லாம் சொன்னார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரங்கள் அவர்கள்தான். பிரசங்கங்களில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆலோசனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டாம் சாமுவேல் பதின்மூன்றையும் படிக்க வேண்டும். தாமாரின் கதையில் ஆலோசனை சொல்கிறவர்கள் இருவர். வியாதிக்காரன் மாதிரிப் படுத்துக்கொள் என்று அம்னோனுக்கு யோசனை சொன்ன யோனதாப் ஒருவன். எல்லாம் நடந்த பிறகு, அவன் உன் சகோதரன், சும்மாயிரு என்று அவளிடம் சொன்ன அப்சலோம் மற்றவன். தகப்பனும் ராஜாவுமான தாவீது கேள்விப்பட்டு வெகு கோபமடைந்தான் என்று இருக்கிறது. அதோடு சரி. அம்னோனை அவன் ஒன்றும் செய்ததாக இல்லை. கோபம் மட்டும் அடைகிற தலைமைக்கு முன்மாதிரி அன்றைக்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஆடையைக் கிழித்துக்கொண்டு, தலையில் சாம்பலோடு, சத்தமிட்டு அழுதுகொண்டே தெருவில் போன ஒருத்திதான் அந்த அரண்மனையில் உண்மையைச் சொன்னாள்.

7

இரண்டு ஆட்சேபணைகள் வரும்.

ஒன்று, முற்போக்கு நண்பர்களிடமிருந்து. மதம் என்றாலே இப்படித்தான், இதில் என்ன ஆராய்ச்சி என்பார்கள். சௌகரியமான நிலை. ஆசிரமங்களில், பள்ளிகளில், விளையாட்டுச் சங்கங்களில், சினிமாவில், ஏன், கட்சிகளுக்குள் நடக்கும்போது இவர்கள் பாஷை மட்டும் மாறிவிடுகிறதா? 'அமைப்புக்குக் கெட்ட பெயர்' என்ற சொற்றொடரை நான் முதலில் கேட்டது தேவாலயத்தில் இல்லை. பக்தர்களைப் பரிகசிப்பதால் பாதிக்கப்பட்டவர்களுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. அவர்களில் பலர் இன்னும் விசுவாசிகள். விசுவாசத்தை விட்டுவிட்டு வா, உனக்காகப் பேசுகிறேன் என்பதும் ஒருவகைப் புத்தி சொல்லுதல்தான்.

மற்றது, உள்ளே இருக்கும் சீர்திருத்தக்காரர்களிடமிருந்து. பயிற்சி போதவில்லை, போதகர்களுக்கு உளவியல் டிப்ளமா கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். இதற்குப் பதில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருக்கிறது. 1947இல் ஜெரால்டு ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற குரு, தடுமாறும் குருக்களுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். ஜெபமும் தவமும்தான் மருந்து என்று நம்பியவர். அந்த மனிதரே 1950களில் ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார்: குழந்தைகளைத் தொட்டவர்களைத் திரும்பப் பணிக்கு அனுப்பாதீர்கள், இவர்கள் மாற மாட்டார்கள். அவர்களை அடைத்துவைக்கக் கரீபியக் கடலில் தீவு ஒன்று வாங்கவும் முயன்றார். ஆயர்கள் கேட்கவில்லை. பின்னால் அதே இல்லத்தில் உளவியல் நிபுணர்கள் வந்தார்கள். நவீன சிகிச்சை வந்தது. குணமாகிவிட்டது என்ற சான்றிதழோடு ஆட்கள் பங்குகளுக்குத் திரும்பினார்கள். ஜெபத்தையும் உளவியலையும் மாறிமாறி வைத்துப் பார்த்தும் குழந்தைகளுக்கு விளைவு ஒன்றாகவே இருந்ததற்குக் காரணம், இரண்டுமே ஆயரின் அலுவலகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. தணிக்கையாளருக்குச் சம்பளம் கொடுப்பவன் மேனேஜராக இருந்தால், தணிக்கையாளர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது முக்கியமில்லை.

ஆகவே நான் கேட்பது பயிற்சியை அல்ல, பிரிவினையை. ஆலோசனை சொல்கிறவர் வேறு, விசாரிக்கிறவர் வேறு, தண்டிக்கிறவர் வேறு. விஷயம் குழந்தையைப் பற்றியது என்றால் இந்தியாவில் இதில் அபிப்பிராயத்துக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்தவர் யாராயிருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. தனக்குக் கீழே வேலை செய்கிறவன் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. மத நிறுவன ஊழியர் செய்தால் குற்றம் கூடுதல் கடுமையானது என்கிறது 5ஆம் பிரிவு. போதகருக்கு விதிவிலக்கு எழுதப்படவில்லை. ஆகவே முதலில் போக வேண்டிய வழி காவல் நிலையத்துக்கு, மருத்துவமனைக்கு, வக்கீலிடம். கூடப் போவதற்குப் போதகர் தயாரென்றால் போகட்டும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கட்டும். வயது வந்தவர்கள் விஷயத்தில் போவதா வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

வழி சொல்வதற்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1980களின் இறுதியில் பார்பரா பிளெயின், சிறுவயதில் ஒரு குருவால் பாதிக்கப்பட்டவர், தன்னைப் போன்றவர்களைத் தேடிச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். பாஸ்டன் செய்தி வெளிவர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. ஒருவர் இன்னொருவருக்கு, நான் இப்படிப் போனேன், இந்த வாசலைத் தட்டு, அந்த வாசலைத் தட்டாதே என்று சொன்னார்கள். பாணனும் பொருநனும் செய்தது அதைத்தான். ஆற்றுப்படுத்துதல் என்ற சொல்லைச் சபைகள் வைத்துக்கொள்ள விரும்பினால் அதை இவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அதுவரைக்கும் தங்கள் அறைக் கதவில் வேறு பலகை மாட்டுவது நல்லது.